முப்பது நாள் மகன்

பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கிளம்பும்போது உள்ளறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "போயிட்டு வரேங்க" என்று இரண்டு முறை சொன்னேன். கட்டில் சத்தம் மட்டும் கேட்டது. அதையே பதிலாக வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

தம்பி விமான நிலையத்துக்கு வந்திருந்தான். அவனைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது இல்லையா, நான் பாட்டுக்கு அவனைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "அக்கா" என்று குரல் வந்த பிறகுதான் திரும்பினேன். முகம் உப்பியிருக்கிறது, கைகால் குச்சி. "என்னக்கா, வேற யாரையோ அனுப்பி ஏமாத்திட்டாங்கன்னு பாக்குறியா?" என்றான். சிரிக்கும்போது மட்டும் பழைய ஆள்.

அவன் அறை ஆறாவது மாடியில். ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாதமாக ஓடவில்லை. கேட்டால், இது வேறு கம்பெனி லிஃப்டாம், கை வைக்கக் கூடாதாம். மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறான். நானும் மூச்சு வாங்குவது போல நடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன்.

இந்த ஊரைப் பற்றி என்ன எழுத? இவ்வளவு வண்டி ஓடுகிறது, ஒருத்தர் ஹாரன் அடிப்பதில்லை. ஹாரனிலிருந்து கையெடுக்காமல் பஸ் ஓட்டுகிற உங்களை இங்கே கொண்டுவந்து விட்டால் கை வேலையில்லாமல் தவித்துப்போகும். ஜனங்கள் எங்கேயோ தீப்பிடித்த மாதிரி நடக்கிறார்கள், ஆனால் யார் முகத்திலும் பதற்றம் இல்லை. லேசாக இடித்தால்கூட மன்னிப்புக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எதிர்க் கட்டடத்தில் எத்தனையோ ஜன்னல்கள் தெரிகின்றன. மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஒரு ஜன்னலில்கூட ஒரு தலை தெரியவில்லை. சாயங்காலமானால் விளக்கு மட்டும் எரிகிறது.

திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு ஆஸ்பத்திரி. இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுகிறது ஒரு இயந்திரம். நாலு மணி நேரம். என்னையும் சோதிக்கிறார்கள். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று முதல் சோதனையில் தெரிந்துவிட்டது. கணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இந்த ஆஸ்பத்திரியில் எடுப்பார்களாம். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். உங்களுக்குத் தெரியாததில்லை. கோபம் என்மேல் இருக்கட்டும். கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 24

டீச்சருக்கு,

பாப்பா தினமும் "அம்மாவுக்கு எழுதினீங்களாப்பா" என்று நச்சரிக்கிறாள். அதற்காக எழுதுகிறேன்.

கட்டில் சத்தம் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டிலுக்கு வயதாகிவிட்டது, தானாகவே சத்தம் போடும்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். பாப்பா சமைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. உன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உன்னைத் தேடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உன் அப்பா நாற்பது நாள் படுக்கையில் கிடந்தார். நீ பகலில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதால் நான் காலை வண்டியை விட்டுவிட்டுச் சாயங்கால வண்டி எடுத்தேன். பகலெல்லாம் நான்தான் அவரோடு இருந்தேன். உன் தம்பிக்கு மூன்று தந்தி கொடுத்தோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நாலு வரிக் கடிதம் வந்தது. அப்புறம் வாழ்த்து அட்டை, அதுவும் நின்றது.

இப்போது உடம்பு என்றதும் அக்கா வேண்டும். அக்காவின் உள்ளே இருப்பதும் வேண்டும். அது உன் உடம்பு மட்டும்தானா? பதினெட்டு வருடமாகக் கூட இருக்கிறேனே, என்னைக் கேட்டாயா? டிக்கெட் வந்த பிறகு சொன்னாய். சொல்வது வேறு, கேட்பது வேறு. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா?

உனக்கு ஏதாவது ஆகிக் கிடந்தால் அந்த ஊரில் உன்னை யார் பார்ப்பார்கள்? அவனா?

பேப்பர் வந்தது. மேஜை டிராயரில் இருக்கிறது.

அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் உண்டா என்று பாப்பா கேட்கச் சொன்னாள்.


மார்ச் 6

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பா கேட்டதாக எழுதிய கேள்விக்கு முதலில் பதில். கண்டக்டர் இல்லை. டிரைவரே சீட்டும் கொடுக்கிறார். நேற்று ஒரு கிழவி ஏற முடியாமல் கீழே நின்றாள். டிரைவர் எதையோ அழுத்தினார், பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக அப்படியே தாழ்ந்து கொடுத்தது, யானை மண்டியிடுவதைப் போல. அவள் ஏறி, இடம் தேடி, பையை மடியில் வைத்து உட்காரும்வரை அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் நினைவு வந்தது. அப்படி ஒரு வண்டி கையில் கொடுத்தால் நீங்களும் யாரையும் திட்டமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயமில்லை.

தெருமுனையில் துணி துவைக்கும் கடை இருக்கிறது. சுவர் முழுக்க வட்டக் கண்ணாடி வைத்த இயந்திரங்கள். அவரவர் துணி உள்ளே சுற்றுவதை அவரவர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் செவ்வாய்தோறும் வருகிறார். இரண்டே இரண்டு துண்டு கொண்டுவருகிறார். அவையும் ஏற்கெனவே வெளுத்த துண்டுகள்தான். எதற்கு வருகிறார் என்று முதலில் புரியவில்லை. கடைக்குள் கதகதப்பாக இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். போன வாரம் எனக்குத் தலையசைத்தார். இந்த ஊரில் என்னைப் பார்த்துத் தலையசைத்த முதல் ஆள்.

உடம்பு சொன்னபடி கேட்கிற நாளில் தம்பி என்னை வெளியே கூட்டிப்போகிறான். பெரிய பெரிய கட்டடங்களைக் காட்டி, "அதுல பதினாலு லிஃப்ட் இருக்கு. ஏழாவது மட்டும் வெய்யில் காலத்துல மக்கர் பண்ணும்" என்கிறான். உள்ளே அழகாக இருக்குமா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? எல்லாக் கட்டடத்துக்கும் முதுகுப்பக்கம்தான் எனக்குத் தெரியும்" என்றான்.

அப்பாவைப் பற்றி நானே கேட்டேன். தந்தி மூன்றும் கிடைத்ததாம். அந்தச் சமயம் இங்கே தங்குவதற்கான அவனுடைய அனுமதிச் சீட்டு முடிவாகாமல் கிடந்ததாம், நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்களாம். பிறகு, "அது சாக்குக்கா. பயம்தான். வந்து பாத்தா அப்பா சாகப்போறார். வராம இருந்தா இங்க எனக்கு அப்பா எப்பவும் போல இருப்பார். அவ்வளவு கேவலமாத்தான் யோசிச்சேன்" என்றான். நான் சமாதானம் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு மார்ச் 27 என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து இருபதாம் தேதிக்குள் வந்தாக வேண்டும்.

கேட்கவில்லை, சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பீர்கள், அதைத் தாண்டி என்னால் வந்திருக்க முடியாது. அதனால் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. திரும்ப அதே நிலை வந்தாலும் அதே தப்பைத்தான் செய்வேன். அதற்கு நீங்கள் என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 16

டீச்சருக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். சம்மதம் என்று தந்தி கொடுத்தால் செல்லுமா என்று கேட்டேன். கையெழுத்துத்தான் வேண்டும் என்றால் தந்தி எதற்கும் உதவாது என்றார் அங்கிருந்தவர். பேப்பரில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இருபதுக்குள் வந்து சேராது. எனக்குத் தெரிகிறது. போன மாதமே போட்டிருக்க வேண்டும். டிராயரை மூன்று தரம் திறந்தேன், மூன்று தரமும் மூடினேன்.

ஏன் மூடினேன் என்று சொல்கிறேன். இத்தனை வருடம் சொல்லாதது.

உன் அப்பா படுத்த பத்தாம் நாள். நீ பள்ளிக்கூடத்தில். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். என்னைப் பார்த்து, "எப்ப வந்தே சிட்டு?" என்றார். உன் தம்பியை அவர் ஒருத்தர்தானே அப்படிக் கூப்பிடுவார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால், இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இப்பதாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து முப்பது நாள் பகலெல்லாம் நான் சிட்டு. நீ சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார், நான் மாப்பிள்ளையாகிவிடுவேன். "ஏண்டா இளைச்சுட்டே" என்பார். "அங்க வேலை ஜாஸ்திப்பா" என்பேன். ஒருநாள் நன்றாகத் திட்டினார், இத்தனை நாள் எங்கடா தொலைஞ்சே என்று. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். ஒருநாள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன். எனக்கு உரியது இல்லை அது. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பிடிபட்டது போலக் கூசியது. அதனால்தான் உன்னிடமும் சொல்லவில்லை.

உன் தம்பி வர வேண்டிய இடத்தில் முப்பது நாள் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு ஏன் கொதிக்கிறது என்று உனக்கு இப்போதாவது விளங்கட்டும்.

அவனுக்குப் படித்துக் காட்டுவதானால் காட்டு. உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பஸ் விஷயம் பாப்பாவிடம் சொன்னேன். டிப்போவிலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை.


மார்ச் 28

அன்புள்ளவருக்கு,

பேப்பர் 26ஆம் தேதி வந்தது. அதற்குள் எங்கள் நாளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது ஏப்ரல் 24. எழுதாமல் விட்டால் நீங்களே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

நேற்று அவன் இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான். நான் முடித்த பிறகும் திரும்பவில்லை. நர்ஸ் வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். தூங்கிவிட்டானோ என்று எழுந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

"மச்சான் இன்னும் என்னல்லாம் பேசினாருன்னு எழுதச் சொல்லுக்கா. ஒண்ணு விடாம எழுதச் சொல்லு."

"எதுக்குடா?"

"நான் அப்பாகிட்ட என்ன பேசினேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவ்வளவுதான் சொன்னான். அழவில்லை. எனக்குத்தான் அந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நானும் எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னதில்லை. ஆனால் நான் சாயங்காலம் வந்து அப்பாவுக்கு முகம் துடைக்கும்போது நீங்கள் வேலைக்குக் கிளம்பிக் கதவோரம் நிற்பீர்களே, அது இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

குளிர் விட்டுவிட்டது. மொட்டையாக நின்ற மரங்களில் ஒரே வாரத்தில் இலை வந்துவிட்டது. ஜனங்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூங்காப் புல்லில் விழுந்து கிடக்கிறார்கள், ஏதோ அடிபட்டு விழுந்தவர்களைப் போல. அவனை அங்கே கூட்டிப்போய் உட்காரவைக்கலாம் என்று பார்த்தேன். கையில் குழாய் செருகும் இடம் சிவந்து, இரண்டு நாளாகக் காய்ச்சல். மருந்து கொடுத்திருக்கிறார்கள். சரியாகிவிடும் என்கிறார்கள்.

அவன் கேட்டதை எழுதுங்கள்.


ஏப்ரல் 7

உனக்கு,

இதோடு உன் தம்பிக்கு ஒரு ஒட்டிய உறை இருக்கிறது. மச்சானுக்கு என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உனக்கில்லை. அவனே பிரிக்கட்டும், அவனே படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து எழுதினேன். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை, பேனா பிடித்தால் வளைய மாட்டேன் என்கிறது. பாப்பா எட்டி எட்டிப் பார்த்தாள். "யாருக்குப்பா இவ்வளவு?" என்றாள். "உன் மாமாவுக்கு" என்றேன். "உங்களுக்குத்தான் அவரைப் பிடிக்காதே" என்றாள். போய்ப் படி என்று விரட்டினேன்.

ஞாபகம் வந்தவரை எழுதியிருக்கிறேன். சிலது சின்னச் சின்ன விஷயம். ஜன்னலைத் திற என்றார், திறந்தேன் என்கிற மாதிரி. ஒன்று விடாமல் என்று கேட்டிருக்கிறானே.

காய்ச்சல் விட்டதா? ஆபரேஷனுக்கு முன்னால் நீ நன்றாகச் சாப்பிடு. பிறகு எத்தனை நாள் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு எழுது. இருபத்துநாலாம் தேதி வேலைக்குப் போக மாட்டேன்.


ஏப்ரல் 19

அன்புள்ளவருக்கு,

டிப்போவுக்கு அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும்.

காய்ச்சல் இரத்தத்தில் ஏறிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிதற்றிக்கொண்டிருந்தான். எதுவோ ஒரு கட்டடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் உடனே போக வேண்டும் என்றும் சொன்னான். நான் "எல்லாரும் வெளிய வந்துட்டாங்கடா" என்றேன். "எண்ணிப் பாத்தியா?" என்றான். "எண்ணிட்டேன்" என்றேன். திங்கள்கிழமை காலை போய்விட்டான்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது.

அவனுக்கான உறையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கனமாக இருந்தது. பிரிக்கலாமா என்று உங்களைக் கேட்டு எழுதினால் பதில் வர இருபது நாள் ஆகும். வெள்ளிக்கிழமை அடக்கம். நீங்கள் அது எனக்கில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் பிரிக்காமலே அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்பிவிட்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. கூட வேலை பார்த்த மூன்று பேர் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பேசியது எனக்கும், நான் பேசியது அவர்களுக்கும் பாதிதான் புரிந்தது. ஒருவர் என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் ஆட்டினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் கேட்டேன், மார்ச் 27இல் செய்திருந்தால் பிழைத்திருப்பானா என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் நம் இரண்டு பேருக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. இதை மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைத்துக்கொண்டு உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு வராது.

என்மேல் கோபமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எவ்வளவு என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கடிதம் எழுதப்படாது.

திங்கள்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே அறைக்குப் போனேன். கடைகள் திறந்திருந்தன. எல்லோரும் எப்போதும் போல வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் பெட்டியோடு ஒரு பெண் என்னை நிறுத்தி ரயில் நிலையத்துக்கு வழி கேட்டாள். நேராகப் போய், இரண்டாவது சிக்னல் விளக்கில் இடது பக்கம், பிறகு மணிக்கூண்டு தெரியும் என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. என்னை இந்த ஊர்க்காரி என்று நினைத்துவிட்டாள். அவனைத் தவிர இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை, அவனும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போய்விட்டான், எனக்கோ வழியெல்லாம் தெரிகிறது. அங்கேயே நின்று அழுதேன். யாரும் நிற்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சான்றிதழ்கள் கைக்கு வர மே 15 ஆகும். அதற்குப் பிறகுதான் கிளம்ப முடியும்.

அந்த உறையில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று வந்த பிறகு சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டாலும் சரி.

பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 30

உனக்கு,

தந்தி வந்த அன்று நான் வண்டியில் இருந்தேன். கடைசி நடை முடித்து இறங்கிய பிறகுதான் கொடுத்தார்கள். வழியில் சொல்லக் கூடாது என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டாராம். பாப்பாவிடம் சொன்னேன். மாமாவைப் பார்த்ததாகவே அவளுக்கு நினைவில்லை, ஆனாலும் உனக்காக அழுதாள்.

டாக்டர் சொன்னதை நீ எழுதியது நல்லது. மறைத்திருந்தால் பிறகு உன் முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்திருப்பேன். டிராயரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். மேஜை ஒரு பக்கம் ஓட்டையாகக் கிடக்கிறது. பாப்பா ஏன் என்று கேட்கவில்லை. என் தப்புக்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. உன் கோபம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும்போது சொல். எவ்வளவு நாள் ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உறையை நீ பிரிக்காதது சரிதான். அதில் இருந்ததை வந்த பிறகு சொல்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் அதில் நான் எழுதவில்லை. ஒன்று விடாமல் என்று கேட்டிருந்தான். இருந்தும் அதை எழுத மனம் வரவில்லை. அது அவனுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. இப்போது உன்னிடம் சொல்லலாம்.

கடைசி நாள் காலை. நீ கிளம்பிப் போய் அரை மணி நேரம் இருக்கும். உன் அப்பா என்னைக் கூப்பிட்டார், "மாப்பிள்ளை" என்று. பகலில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு முப்பது நாள் ஆகியிருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"என் பையன் வரலன்னு எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்போம்னு தோணிச்சு. நீங்க 'இப்பதாம்பா'ன்னீங்க. அப்புறம் விட மனசு வரல."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு என் மணிக்கட்டைத் தொட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவனை வரச் சொல்லுங்க."

நான் எழுந்து வெளியே போனேன். குழாயடியில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டேன். திரும்ப உள்ளே வந்து, "அப்பா" என்றேன்.

"வா சிட்டு" என்றார்.